நாயின் பேரும் பாதையில் போகும் பிள்ளையும்

மலையகத்தில் கடிநாய்க்கு ஒரு பழைய விலாசம் உண்டு: தோட்டத் துரை பங்களா. கேட்டுக்கு வெளியே நின்றுதான் குரல் கொடுக்க வேண்டும். உள்ளே அல்சேஷன் நிற்கும். நாய்க்குப் பயந்த பயம் துரைக்குக் காட்டும் மரியாதையாகிவிட்டது. இன்று றொசல்ல, வட்டவளை, ஹட்டன் பக்கத்தில் றொட்வீலரோ டோபர்மனோ வாங்க ஆசைப்படும் இளைஞனைக் கேட்டால் “காவலுக்கு” என்பான். அது பொய்யில்லை. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, வயதானவர்கள் தனித்திருக்கும் வீட்டில் திருடர் பயம் உண்மையானது. ஆனால் காவலுக்கு நாட்டு நாயே போதும். அந்நியர் காலடி கேட்டால் லயத்தையே எழுப்பிவிடும். கூடுதல் காசு கொடுத்து வாங்குவது நாயின் பேரை. “அந்த வீட்டுப் பக்கம் போகாதே” என்று நாலு பேர் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிறர் கேட்டுக்கு வெளியே நின்ற சமூகத்தில் அந்த ஆசை பிறப்பது எனக்குப் புரிகிறது. அதற்கான விலையை ஸ்கூலுக்கு நடந்து போகும் பிள்ளை கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வரி வசூலித்த டோபர்மன் என்பவர் தன் பாதுகாப்புக்காக வளர்த்த நாய்தான் அவர் பேரில் நிலைத்தது. ஆனால் குணத்தைப் பேர் தீர்மானிப்பதில்லை. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 வீதம்தான். பலம் வேறு விசயம். பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது. அதை ராப்பகலாகச் சங்கிலியில் கட்டி, மனிதரோடு பழக விடாமல் வளர்த்தால் ஆபத்து இன்னும் கூடும். ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் சிறுத்தை நாயைத் தேடி வீட்டருகே வருவதும் உண்டு. வெளியே கட்டிய நாயால் தப்பி ஓடவும் முடியாது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு றொட்வீலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். நாய்க்காரர் கைதானார். அதற்கு இரண்டு மாதம் முன்பு இந்திய மத்திய அரசு 23 இனங்களைத் தடுக்கச் சொன்ன சுற்றறிக்கையைக் கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் ரத்துச் செய்தன. பிரிட்டன் 1991இல் சில இனங்களைத் தடைசெய்தும், 2023இல் எக்ஸ்.எல். புல்லியையும் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. ஆகவே பிடிக்க வேண்டியது இனத்தை அல்ல, வளர்ப்பவரை.

இலங்கையில் அதற்கு வழி உண்டு. 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டம் நாயை உள்ளூராட்சி சபையில் பதியச் சொல்கிறது. ஆபத்தான மிருகத்தைக் கவனயீனமாக வைத்திருப்பது தண்டனைச் சட்டக் கோவையில் குற்றம். நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டப்படி, வளர்ப்பு மிருகம் செய்த சேதத்துக்குச் சொந்தக்காரரிடம் நட்டஈடு கேட்கலாம். ஆனால் கடிபட்டவர் நாயைச் சீண்டியிருந்தாலோ, உரிமையின்றி உள்ளே புகுந்திருந்தாலோ வழக்கு பலவீனப்படும். எனவே கடி நடந்த இடம் எல்லாரும் நடக்கும் பாதை என்பதற்குச் சாட்சி முக்கியம்.

கடிபட்டால் முதல் வேலை, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. நாயை அடித்துக் கொல்ல வேண்டாம். கட்டி வைத்து 14 நாள் கவனிக்க வேண்டும். அதன் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆனால் சொந்தக்காரர் சொல்வதை நம்பி ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

காயத்தைப் படம் எடுத்து, ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரப்படுத்தி, பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். பொது சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போது கடித்தால் வேலையாள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க இடமுண்டு, தொழிற்சங்கத்தில் விசாரியுங்கள். துரை வீட்டு நாய், முதலாளி வீட்டு நாய் என்று வாய் மூடிப் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காக நடப்பது அது.