முகில் சூழும்போது

வானூர்தியைத் தாமே செலுத்திப் பிறநாடு சென்றுவருவோர் மேலைநாடுகளில் பலர் உளர். இவர்களுள் பலர் கண்ணால் கண்டு பறப்பதற்கு மட்டுமே உரிமம் பெற்றவர்கள். நிலமும் தொடுவானமும் தெரியும்வரை இவர்களுக்கு இடரில்லை. எதிர்பாராது முகில் சூழ்ந்தால் என் செய்வது?

1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை இயந்திர வானூர்தியில் முதன்முதலாகக் கடந்தார். திசைகாட்டியும் இன்றிப் பறந்த அவர், ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் கரை எதனையும் காணாது தவித்தார். இன்று கருவிகள் பெருகியுள்ளன. ஆயினும் முகிலுள் விமானியை ஏமாற்றுவது அவருடைய உடலே ஆகும்.

நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றிலுள்ள நீர்மத்தின் அசைவே நாம் திரும்புவதை மூளைக்கு உணர்த்துகிறது. வானூர்தி ஒரே சீராக வளைந்து சென்றால், சிறிது நேரத்தில் நீர்மமும் குழலோடு ஒத்து நகரும். வளைகிறோம் என்னும் உணர்வு மறையும். ஊர்தியை நேராக்கினாலோ, மறுபுறம் சாய்வதாக மயக்கம் எழும்.

1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் இதனை ஆய்ந்தனர். கருவிகளைக் கொண்டு பறந்து பழகாத 20 பேரை வெளிக்காட்சி தெரியாத நிலையில் ஊர்தியைச் செலுத்தச் செய்தனர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கான சராசரி நேரம் 178 வினாடிகள். மூன்று நிமிடங்கள்கூட இல்லை! ஆனால் முறையான சிறு பயிற்சிக்குப் பின்னர் அவர்களே பாதுகாப்பாகத் திரும்பிவரக் கற்றனர்.

இத்தகைய நிலையில் செய்ய வேண்டியது எளியது. முதலில் பதற்றம் தணிதல் வேண்டும். உடல் உணர்வைப் புறந்தள்ளி, செயற்கைத் தொடுவானம் காட்டும் கருவியை நோக்கி இறக்கைகளைச் சமப்படுத்த வேண்டும். பின்னர் உயரம் குறையாது, மெல்லச் சாய்த்து, வந்த திசைக்கே திரும்ப வேண்டும். வினாடிக்கு 3 பாகை வீதம் திரும்பினால் ஒரே நிமிடத்தில் அரைவட்டம் முடியும். ஊர்தி நிலைப்பட்டதும் தரைக் கட்டுப்பாட்டாளரிடம் தயங்காது உதவி கோரலாம்.

அயல்நாட்டில் இடர் இன்னும் மிகும். உயரமானியை அமைப்பதற்கான காற்றழுத்தத்தை அமெரிக்கர் பாதரச அங்குலத்தில் சொல்வர். ஐரோப்பியர் ஹெக்டோபாஸ்கலில் சொல்வர். ஐரோப்பாவில் ‘992’ என்று கேட்ட அமெரிக்க விமானி அதனை 29.92 அங்குலம் எனக் கொண்டால், கருவி காட்டும் உயரத்தினும் ஏறத்தாழ 600 அடி தாழ்வாகப் பறப்பார். மலையும் முகிலும் சேர்ந்த இடத்தில் அவ்வளவே போதும், உயிரிழப்பதற்கு! எனவே அந்நாட்டு அளவைகளையும், மாற்று இறங்குதளங்களையும், வானிலை அறிக்கையையும் புறப்படும் முன்னரே அறிதல் கடமையாகும்.

முகில் மட்டுமன்றி, இருளும் புழுதிமூட்டமும்கூடத் தொடுவானத்தை மறைக்கும். 1999 ஜூலை 16 இரவில் ஜான் கென்னடி இளையவர் கடல்மேல் பறந்து, மனைவியுடனும் மனைவியின் தமக்கையுடனும் உயிரிழந்தார். திசைநிலை மயக்கத்தால் அவர் ஊர்தியின் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என விசாரணை கூறிற்று.

பார்வை பிழைபடும் வகைகளைத் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் விரிவாக ஆராய்ந்தார் அறிஞர் இப்னுல் ஹைதம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ணைப் பற்றி ஆராய்ந்தது செவிக்கும் பொருந்துகிறது. புலன் தருவதை அறிவால் சரிபார்த்தல் வேண்டும். குறித்த நேரத்தில் சென்று சேரவேண்டும் என்னும் ஆவலே பலரை முகிலுள் செலுத்துகிறது. மாணவச் செல்வங்களே, தக்க தருணத்தில் திரும்புதல் தோல்வியன்று. அதுவும் கற்றுத் தேற வேண்டிய ஒரு கலையே.