குப்பையில் கிடைத்த நோட்டில் ஒரு தாயின் கதை

மகளுக்குப் பிறந்த நாள். ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுக்கத் தாய்க்கு ஆசை. கையில் காசு இல்லை. என்ன செய்தார்?

குப்பையில் கிடந்த ஒரு ஜோடியை எடுத்து வந்தார். கழுவினார். கிழிசலைத் தைத்தார். குழந்தையின் காலில் மாட்டி விட்டார்.

அன்று 1955-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி. அதை அவர் நோட்டில் எழுதி வைத்தார். அவர் எழுதிய நோட்டுகளும் குப்பையில் பொறுக்கியவைதான்!

அவர் பெயர் கரோலினா மரியா டி ஜெசுஸ். பிரேசில் நாட்டில், சாவோ பாலோ நகரத்தின் ஆற்றங்கரையில் ஒரு குடிசையில் வாழ்ந்தார். கறுப்பர் இனம். படிப்பு இரண்டே ஆண்டு. கணவர் இல்லை. மூன்று குழந்தைகள்.

காலையில் குழாயடியில் தண்ணீருக்கு வரிசை. பிறகு சாக்கை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் பழைய காகிதம் பொறுக்குவார். எடைக்குப் போட்டுக் காசு வந்தால்தான் அடுப்பு எரியும். மழை பெய்தால் பட்டினி.

இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுவார். தாய்மை என்றால் தாலாட்டு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் வயிறு நிறைந்தவர்கள். கரோலினா எழுதியது அரிசி விலை! புருஷன் இருந்தால், இரவில் எழுந்து எழுத விடமாட்டான் என்பது அவர் எண்ணம்.

ஊஞ்சல் சண்டை

1958-ல் ஆடாலியோ டாண்டாஸ் என்ற பத்திரிகை நிருபர் அங்கே போனார். குழந்தைகளுக்குப் போட்ட ஊஞ்சலில் தடித்தடி ஆண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். உங்களைப் பற்றி என் புத்தகத்தில் எழுதி விடுவேன் என்று ஒரு பெண் அதட்டினார். அவர்தான் கரோலினா. என்ன புத்தகம் என்று நிருபர் விசாரித்தார். குடிசைக்குள் கட்டுக் கட்டாக நோட்டுகள்!

1960 ஆகஸ்டில் அது அச்சில் வந்தது. முதலில் அச்சிட்ட 10 ஆயிரம் பிரதிகளும் சில நாட்களில் விற்றுத் தீர்ந்தன. பல நாட்டு மொழிகளில் பெயர்த்தார்கள். வேண்டாத சாமான்களைப் போட்டு வைக்கும் அறை என்பது அந்தப் புத்தகத்தின் பெயருக்குப் பொருள். நகரத்துக்கு அந்தக் குடிசைகள் அப்படித்தானே?

கல் விழுந்தது

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கரோலினா குடிசையை விட்டுக் கிளம்பினார். அக்கம்பக்கத்தார் கல்லை வீசினார்கள். எங்கள் கதையை எழுதிப் பணம் சம்பாதித்து விட்டாய் என்ற ஆத்திரம். அதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. தன் வீட்டுச் சண்டை ஊருக்குத் தெரிவதை யார் விரும்புவார்கள்?

செங்கல் வீடு கிடைத்தது. ஆனால் பணம் நிலைக்கவில்லை. 1977-ல், நகரத்தின் ஓரத்தில், ஏழையாகவே இறந்தார்.

குப்பைச் செருப்பு போட்டுக்கொண்ட மகள் வேரா யூனிஸ், வளர்ந்து பள்ளிக்கூட ஆசிரியை ஆனார்.