சட்டை தைக்கவும் கல்லூரிப் படிப்பு!

"தையல் கற்க ஒரு கல்லூரியா?" என்று சிலர் கேட்கலாம்.

ஆம். "நிப்ட்" எனப்படும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் 1986-ம் ஆண்டு டெல்லியில் தொடங்கப்பட்டது. இன்று மும்பை, பெங்களூரு, சென்னையிலும் அதன் கல்லூரிகள் உள்ளன. பிளஸ்-2 முடித்தவர்கள் நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம்.

படம் வரைந்தால் மட்டும் போதாது. தையல் எந்திரத்திலும் உட்கார வேண்டும்.

காகிதச் சட்டை

முதலில் கழுத்து, தோள், மார்பு, கை ஆகியவற்றை அளந்து, காகிதத்தில் வரைந்து வெட்டுகிறார்கள். தையலுக்கு இடம் விட மறந்தால் சட்டை உடம்பைப் பிடிக்கும்.

நல்ல துணியில் உடனே கத்தரி வைப்பதில்லை. மலிவான காடாத் துணியில் மாதிரிச் சட்டை தைத்து, போட்டுப்பார்த்துக் குறைகளைச் சரிசெய்கிறார்கள்.

காலரில்தான் சோதனை!

கையைச் சுருக்கம் விழாமல் உடம்போடு இணைப்பது கடினம். காலர் அதைவிடக் கடினம். இரு முனைகளும் ஒன்றுபோல் அமையாவிட்டால் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதுதான்.

தெருமுனைத் தையல்காரர் கைப்பழக்கத்தால் செய்வதை இவர்கள் கணக்குப் போட்டுக் கற்கிறார்கள். காகித அளவு சரியாக இருந்தால், அதைக் கூட்டியும் குறைத்தும் தொழிற்சாலையில் ஆயிரம் சட்டைகள் தைக்கலாம். தவறினால் ஆயிரமும் வீண்!

"தையல்தானே" என்று பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.