மோட்டார் வண்டியின் கோளாறுகளைக் கைபேசி வழியே அறிதல்

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கினால், ஓட்டுபவர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழும். வண்டியை மேலும் ஓட்டலாமா? பழுது எங்கே உள்ளது? நகரத்தில் இருப்பவர் பழுது பார்க்கும் நிலையத்தை நாடலாம். தொலைதூரக் கிராமங்களில் பணியாற்றும் கள அலுவலருக்கு அவ்வசதி எளிதில் கிட்டுவதன்று. இக்கேள்விகளுக்கு விடைகாண உதவும் சிறு கருவியொன்று இன்று கடைகளில் கிடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் இக்கருவி, வண்டியினுள் உள்ள மின்கணிப்பொறி கூறும் செய்திகளைக் கம்பியின்றிக் கைபேசிக்கு அனுப்புகிறது. இதனைக் கோளாறறி கருவி எனலாம். இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

இக்கருவியின் வரலாறு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்தில் தொடங்குகிறது. கண்ணை எரித்து மூச்சைத் திணறச் செய்த அம்மூட்டத்தின் காரணத்தை, 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் ரசாயன விஞ்ஞானி ஆராய்ந்து கண்டார். எரியாத எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோன் முதலிய நச்சுப் பொருள்களை உண்டாக்குகின்றன என்பது அவரது முடிபாகும். மோட்டார் வண்டிகளின் புகையே இப்பொருள்களுக்குப் பெருங்காரணமாயிருந்தது.

புகையைக் குறைக்கும் சாதனங்கள் பின்னர் வண்டிகளில் பொருத்தப்பட்டன. ஆயினும் அவை பழுதுற்றால் ஓட்டுபவருக்குத் தெரியாது. வண்டி வழக்கம்போல் ஓடும். ஆகவே வண்டியே தன்னைச் சோதித்துக் கோளாற்றை அறிவிக்க வேண்டும் என்னும் விதி பிறந்தது. 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் ஒரே வகையான சோதனை முறை கட்டாயமாயிற்று. இது ‘ஓபிடி-2’ எனப்படும். இந்தியாவில் நான்கு சக்கர வண்டிகளுக்கு இம்முறை 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் விதிக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் இதனை மேலும் கடுமையாக்கின.

கருவி இயங்கும் விதம்

ஸ்டியரிங் சக்கரத்தின் கீழ், ஓட்டுபவரின் முழங்காலுக்கு அருகே, பதினாறு முனைகள் கொண்ட இணைப்பு ஒன்று காணப்படும். அதில் 16-ஆம் முனை பாட்டரியின் மின்சாரத்தைத் தருகிறது. 4, 5-ஆம் முனைகள் தரையிணைப்பு. இன்றைய கார்களில் 6, 14-ஆம் முனைகள் வழியே செய்திகள் செல்கின்றன.

கருவியை இவ்விணைப்பில் செருகிச் சாவியைத் திருப்பியபின், கைபேசியின் புளூடூத் வழியே அதனுடன் தொடர்பு கொள்ள வேண்டும். மறைவெண் பெரும்பாலும் 1234 அல்லது 0000 ஆக இருக்கும். ஐபோன் உபயோகிப்போர் வைஃபை வழியாகவோ, குறைந்த ஆற்றல் புளூடூத் வழியாகவோ இயங்கும் கருவியை வாங்குதல் வேண்டும். பின்னர் இதற்கென உள்ள செயலியைத் திறந்தால், அது வினவும் ஒவ்வொரு கேள்விக்கும் வண்டி எண்களில் விடையளிக்கும். சான்றாக, எஞ்சின் சுழலும் வேகத்தைக் கேட்டால் 26, 248 என இரு எண்கள் வருவதாகக் கொள்வோம். முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாம் எண்ணைக் கூட்டி, 4-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 1,726 சுற்று எனக் கிடைக்கும். குளிர்விக்கும் நீரின் உஷ்ணநிலைக்கு விடை 123 என வந்தால், அதிலிருந்து 40-ஐக் கழிக்க 83 டிகிரி செல்சியஸ் ஆகும். இக்கணக்குகளைச் செயலியே செய்துவிடும்.

குறியீடுகளின் பொருள்

கோளாறுகள் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன. ‘பி’ என்பது எஞ்சினையும் கியர் பகுதியையும், ‘சி’ என்பது பிரேக் முதலிய அடிப்பகுதியையும், ‘யு’ என்பது உள்தொடர்புக் கம்பிகளையும் குறிக்கும்.

இங்கு முக்கியமான ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். குறியீடு ஓர் அறிகுறியேயன்றித் தீர்ப்பன்று. காய்ச்சல்மானி 102 டிகிரி காட்டினால் காய்ச்சல் உண்டு என அறியலாம். மலேரியாவா, டைபாய்டா என்று அறிய இயலாது. இதுவும் அத்தகையதே.

கள அலுவலகத்தின் ஜீப் ஒன்றில் ‘பி 0171’ என்னும் குறியீடு தோன்றியதாகக் கொள்வோம். எஞ்சினுள் செல்லும் கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது இதன் பொருள். எத்தனால் கலவாத பெட்ரோல் ஒரு கிலோகிராம் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். இவ்விகிதம் தவறினால், புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் உணரி அதனைக் கணிப்பொறிக்கு அறிவிக்கிறது. ‘உணரி புகார் செய்கிறது, ஆகவே உணரியை மாற்றுவோம்’ என்று சிலர் பல ஆயிரம் ரூபாயைச் செலவிடுவதுண்டு. தூதுவனைத் தண்டிப்பது நெறியன்று என்பது நம் நாட்டுப் பழைய மரபு. உணரி இங்கே தூதுவனேயாகும்.

உண்மைக் காரணத்தை நாடுவதற்குக் கருவியே வழி காட்டும். கணிப்பொறி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பது, ‘எரிபொருள் திருத்தம்’ என்னும் தலைப்பில் சதவிகிதமாகத் தெரியும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது இது மிக உயர்ந்து, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் இயல்புநிலைக்கு இறங்கினால், காற்றுக்குழாயில் எங்கோ வெடிப்பு உண்டென ஐயுறலாம். சிறு வெடிப்பின் வழியே புகும் காற்று, மெதுவான ஓட்டத்தில் பெரும் பங்காகும். வேகம் கூடுங்கால் அற்பமாகிவிடும். மாறாக, பாரம் ஏற ஏறத் திருத்தமும் உயர்ந்தால், பெட்ரோல் பம்பு, வடிகட்டி, காற்றளவு உணரி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். முதல் வகைக் கோளாறு ஒரு ரப்பர்க் குழாயை மாற்றுவதோடு முடிந்துவிடக்கூடும்.

அழிப்பதற்கு முன்

செயலியில் குறியீடுகளை அழிக்கும் பொத்தானும் உண்டு. விளக்கு அணைந்தால் கோளாறு தீர்ந்தது என எண்ணுவது பெருந்தவறு. அழிக்கும்போது, கோளாறு நேர்ந்த கணத்தில் வேகம், உஷ்ணநிலை, பாரம் ஆகியன எவ்வாறு இருந்தன என்னும் பதிவும் உடன் அழிந்துபோகும். மெக்கானிக்கிற்கு அதுவே சிறந்த தடயமாகும். ஆதலின் முதலில் குறியீட்டையும் அப்பதிவையும் வண்டியின் நாட்குறிப்பில் எழுதிக்கொள்க. பழுது நீக்கிய பின்னரே அழித்திடுக.

வண்டியை ஓட்டலாமா என்னும் கேள்விக்கு விளக்கே ஓரளவு விடை தரும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடினால், மிதமான வேகத்தில் பட்டறைக்குச் செல்லலாம். அது விட்டுவிட்டு எரிந்தால், சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது எனப் பொருள். அப்பெட்ரோல் புகையைத் தூய்மை செய்யும் கிரியா ஊக்கிக் கலத்தில் எரிந்து, மிகுந்த உஷ்ணத்தால் அதனைக் கெடுத்துவிடும். உடனே வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். எண்ணெய் அழுத்தம், எஞ்சின் உஷ்ணம் ஆகியவற்றின் சிவப்பு விளக்குகள் வேறு. அவை எரிந்தால் கைபேசியைத் தேடற்க, எஞ்சினை நிறுத்துக.

சில எச்சரிக்கைகள்

இணைப்பின் 16-ஆம் முனையில் சாவியை எடுத்த பின்னரும் மின்சாரம் இருக்கும். கருவியைச் செருகியபடியே பல நாள் விட்டால் பாட்டரி இறங்கக்கூடும். எளிய மறைவெண் கொண்ட கருவியுடன் அருகிலுள்ள அயலாரும் தொடர்பு கொள்ளலாம். 2015-ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆராய்ச்சியாளர்கள், இவ்விணைப்பில் செருகிய செல்பேசித் தொடர்புள்ள ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, காரின் பிரேக்குகளை இயக்கிக் காட்டினர். எனவே வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுவதே நன்று. ஓட்டுங்கால் ஓட்டுபவர் திரையைப் பார்த்தலாகாது. 24 வோல்ட் மின்சாரமுள்ள பெரிய லாரிகளுக்குக் கார்க் கருவியை உபயோகித்தல் கூடாது.

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கும் இக்கருவி பயன்படும். திறந்தவெளியில் நிறுத்திய காரின் எஞ்சினை இயக்கி, குளிர்விக்கும் நீரின் உஷ்ணநிலையை நிமிடத்துக்கொரு முறை மாணவர்கள் குறித்து வரைபடம் வரையலாம். கோடு முதலில் ஏறிச் சென்று, ‘தெர்மோஸ்டாட்’ திறந்ததும் ஏறக்குறைய சமநிலை பெறும். அந்த வளைவு ஏன் நேர்ந்தது என மாணவரையே வினவுதல் நன்று. கருவி எண்ணைத் தரும். காரணத்தை மனிதனே ஆராய்ந்து அறிய வேண்டும். வகுப்பறைக்கும் பட்டறைக்கும் இவ்விதி ஒன்றே.