எழுபத்தைந்து ஏன் அறுபத்து மூன்று ஆனது?

சென்ற தவணைச் சோதனையில் ஒரு கேள்வியில் எனக்கு மொத்தப் புள்ளியும் போனது. பார்க்க எளிய கேள்விதான்: ஓர் எஸ்டிஎம்-1 இணைப்பில் எத்தனை இ-1 இணைப்புகள் அடங்கும்? எஸ்டிஎம்-1இன் வேகம் விநாடிக்கு 155.52 மெகாபிட். இ-1இன் வேகம் 2.048 மெகாபிட். வகுத்தேன், 75.9 வந்தது. 75 என்று எழுதினேன். சரியான விடை 63.

விடுமுறைக்குப் பகாவ் பக்கம் உள்ள வீட்டுக்குப் போன பிறகும் அந்த 63 உறுத்திக்கொண்டே இருந்தது. தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எடைகள், அளவைகள் சட்டம் 1972இல் வந்து, நாடு படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. அவர் மட்டும் இன்னும் கோழியைக் கட்டிக் கணக்கில்தான் கேட்பார். ஒரு கட்டி ஏறக்குறைய 605 கிராம், 100 கட்டி ஒரு பிக்குள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் கதையைக் கேட்டுவிட்டு, “வாளியில இருக்கிற பால் எடைக்கா எங்களுக்குக் காசு கொடுத்தாங்க? காய்ஞ்ச ரப்பருக்குத்தானய்யா!” என்றார்.

விளக்கம் அதுவேதான். ரப்பர் பாலில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் தேறும். அதனால் கொட்டகையில் பாலை அளப்பதோடு விடாமல், அதில் ரப்பர் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். தொலைத்தொடர்பிலும் கம்பியில் ஓடும் மொத்த வேகம் வேறு, நமக்குப் பயன்படும் சுமை வேறு.

அடியிலிருந்து வருவோம். தொலைபேசிக் குரலுக்கு 4,000 ஹெர்ட்ஸ் வரை இடம் ஒதுக்கினார்கள். அதை எண்களாக்க, இரு மடங்காக விநாடிக்கு 8,000 முறை மாதிரி எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு 8 பிட். பெருக்கினால் 64,000. பழைய அளவுகள் பலவற்றுக்கு இந்த 64 கிலோபிட்தான் தாத்தா. இங்கே கிலோ என்றால் சரியாக 1,000. கணினி நினைவகத்தில் வரும் 1,024ஐ இதில் கலக்கக் கூடாது.

ஐரோப்பிய முறையில் இப்படி 32 இடங்களைச் சேர்த்தால் 2.048 மெகாபிட், அதாவது ஓர் இ-1. மலேசியாவும் இந்தக் குடும்பம்தான். வழக்கமாக 30 இடங்களில் குரல் போகும். ஓர் இடம் வரிசை பிசகாமல் பார்த்துக்கொள்ள, இன்னொன்று அழைப்பு பற்றிய குறிப்புகளுக்கு. அமெரிக்கர்களின் டி-1இல் 24 இடங்கள். 24ஐ 64ஆல் பெருக்கினால் 1,536தான் வரும். ஆனால் புத்தகத்தில் 1,544 கிலோபிட் என்று இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எல்லைப் பிட் சேர்ப்பதால் வரும் 8,000 பிட்தான் அந்த வித்தியாசம். முதலாம் ஆண்டில் இதை நான் அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

இனி என் 75க்கு வருவோம். எஸ்டிஎம்-1 ஒரு சட்டகம்: 9 வரிசை, 270 பத்தி, விநாடிக்கு 8,000 தடவை. பத்திகளில் சில மேற்பார்வைக்குப் போய்விடும். ஒவ்வோர் இ-1உம் தன் மேலுறையோடு 4 பத்திகளைப் பிடிக்கும். அப்போது அதன் எடை 2.048 அல்ல, 2.304 மெகாபிட். அவற்றையும் இஷ்டம்போல் அடுக்க முடியாது. மூன்று மூன்றாகக் கட்டி, அந்தக் கட்டுகளை ஏழு ஏழாகச் சேர்த்து, அப்படி மூன்று தொகுதிகள். 3 × 7 × 3 = 63.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே என்று நினைக்கும் மாணவர்களுக்கு என் தங்கையின் கதை. ஐந்தாம் படிவம் படிக்கிறாள். பள்ளித் திட்டப்பணிக்கு 45 மெகாபைட் காணொளி அனுப்ப வேண்டும், கெடு இரவு 11.59. செம்பனை சூழ்ந்த எங்கள் வீட்டில் கைப்பேசியின் பதிவேற்ற வேகம் அன்று 2 மெகாபிட் காட்டியது. 45ஐ 2ஆல் வகுத்து, 23 விநாடி போதும் என்று 11.58க்குப் பொத்தானைத் தட்டினாள். கோப்பு பைட்டில், வேகம் பிட்டில். ஒரு பைட்டுக்கு 8 பிட். 45 மெகாபைட் என்றால் 360 மெகாபிட். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் 180 விநாடி, மூன்று நிமிடம். கெடு தாண்டிவிட்டது. அன்றிரவு அவள் சாப்பிடவே இல்லை. (பழைய 33.6 கிலோபிட் மோடமாக இருந்திருந்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் என்று சொல்லித் தேற்றப் பார்த்தேன். அடிதான் விழவில்லை.)

மோடம் என்றதும் இன்னொரு வலை ஞாபகம் வருகிறது: பாட். பிரெஞ்சுக்காரர் எமில் பொதோவின் பெயரில் வந்த இந்த அளவு, விநாடிக்கு எத்தனை முறை சைகை மாறுகிறது என்பதைத்தான் சொல்லும். வி.22பிஸ் மோடம் 600 பாட். ஒரு சைகையில் 4 பிட் ஏற்றியதால் 2,400 பிட் போனது. பாட்டும் பிட்டும் ஒன்றென்று எழுதினால் புள்ளி போகும்.

என்னுடைய விடைத்தாளைத் தாத்தா வாங்கிப் பார்த்தார். சிவப்பு மையில் இருந்த 63ஐத் தடவிக்கொண்டே, “மிச்சத்தை யார் குடிச்சா?” என்றார். 63 இ-1களின் மொத்தம் 129.024 மெகாபிட். 155.52இல் மீதி 26 மெகாபிட்டுக்கு மேல் உறைக்கும் மேற்பார்வைக்கும் போனது என்றேன். “அப்ப அது மண்டோர் பங்கு” என்று சிரித்தார்.

வாசகர்களுக்கும் ஒரு கணக்கு. எஸ்டிஎம்-4இன் வேகம் விநாடிக்கு 622.08 மெகாபிட். நான்கு எஸ்டிஎம்-1களை ஒன்றாகக் கோத்தது அது. அதில் எத்தனை இ-1 அடங்கும்? விடை 303 என்று வந்தால், வாளியோடு சேர்த்து நிறுத்துவிட்டீர்கள்.