லூயிஷாமில் ஒரு ஒட்டகச் சொந்தம்

மகளின் வகுப்பில் ஒரு பெரிய உலகப் படம். "உங்கட குடும்பத்தின்ர ஊர் எது எண்டு ஒரு ஊசி குத்துங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒரு கிழமையாக யோசிக்கிறாள். அம்மம்மா சாவகச்சேரி. நானும் அவளும் பிறந்தது லூயிஷாம். ஊசியோ ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை 185 பஸ் எடுத்து, ஃபாரஸ்ட் ஹில்லில் இருக்கிற ஹார்னிமன் தோட்டத்துக்கு மூன்று பேரும் போனோம். அங்கே நிற்கிற அல்பாக்காவைப் பார்த்ததும் அம்மா சொன்னார்: "ஒட்டகக் குட்டி போல கிடக்கு."

"அம்மம்மா, ஒட்டகம் எண்டா முதுகில மலை இருக்கோணும்!"

அந்த 'மலை'க்குத் திமில் என்று பெயர் என்றேன். வீட்டுக்கு வந்து தேடினால், அம்மா சொன்னதில் பாதி சரி. அல்பாக்காவும் ஒட்டகமும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் மேலுதடு பிளந்திருக்கும். காலில் இரண்டு விரல், அடியில் மெத்தென்ற சதை. நம்முடைய ரத்தச் சிவப்பணு வட்டம், இவற்றுக்கு நீள்வட்டம். அதனால் தண்ணீர் வற்றி ரத்தம் தடித்தாலும் ஒட்டகத்துக்கு ஓட்டம் தடைப்படாது. தண்ணீர் கிடைத்தால் கால் மணி நேரத்தில் 100 லிட்டர் குடித்துவிடும். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு.

ஒட்டகம் சுமார் 13 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும். ஆமாம், கன்றுதான். தொல்காப்பியத்தின் மரபியலே ஒட்டகத்துக்கு அந்தச் சொல்லைத் தருகிறது. பெண் ஒட்டகம் பெட்டை. பிறக்கும்போது திமிலில் கொழுப்பு இராது. தாய் பசுவைப் போல நக்காது. முகர்ந்துதான் பிள்ளையை அறியும். ஒட்டகம் 40 வருஷம் வரை வாழும். ஆண்டிஸ் மலையில் 4,000 மீட்டர் உயரக் குளிரில் மேய்கிற அல்பாக்கா பதினொரு மாதத்துக்கு மேல் சுமக்கும். 15 முதல் 20 வருஷம் வாழும்.

"அப்ப ஒட்டகத்தின்ர ஊர் அரேபியாவா?" என்று கேட்டாள் மகள்.

இல்லை. இந்தக் குடும்பம் 4 கோடி வருஷங்களுக்கு முன்பே வட அமெரிக்காவில் இருந்தது. ஒரு கிளை அன்றைய நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்கு நடந்து ஒட்டகமானது. இன்னொன்று தெற்கே இறங்கி, லாமா அல்பாக்கா வழிக்கு மூதாதை ஆனது. பிறந்த மண்ணில் மிஞ்சியவை அழிந்துபோயின. கனடாவின் வடகோடியில், 35 லட்சம் வருஷப் பழைய ஒட்டக எலும்பை 2013இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். திமில் முதலில் உதவியது நீண்ட பனிக்காலத்துக்காக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

"அப்ப பாலைவனமும் அதின்ர ஊர்தானே? அங்கதானே இப்ப இருக்கு" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அம்மாதான் தலையாட்டினார்.

திங்கட்கிழமை டீச்சரிடம் இன்னொரு ஊசி கேட்டு வாங்கியிருக்கிறாள். சாவகச்சேரியில் ஒன்று, லூயிஷாமில் ஒன்று.

நீங்களும் பிள்ளைகளோடு ஒருதரம் போய் வாருங்கள். தோட்டத்துக்கு நுழைவு இலவசம். முதலில் அந்தக் காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.