சேற்றில் சிக்கிய ஜீப்பும் சரியான வின்ச்சும்

ஆடி மாதம். குடகு மலையில் மூன்று நாளாக விடாத மழை. மெயின் ரோட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே ஒரு காப்பித் தோட்டம். லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. தோட்டத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மடிக்கேரி ஆஸ்பத்திரிக்குப் புறப்படுகிறார்கள். இரண்டாவது வளைவில் சக்கரங்கள் செம்மண் சேற்றில் இறங்கிவிடுகின்றன. நான்கும் சுற்றுகின்றன, வண்டி நகரவில்லை.

"கவலைப்படாதீங்க மேஸ்திரி, முன்னாடி வின்ச் இருக்கு" என்கிறார் டிரைவர். கம்பியை இழுத்து மரத்தில் மாட்டிப் பட்டனை அழுத்துகிறார். மோட்டார் உறுமுகிறது. சிறிது நேரத்தில் உறுமல் முனகலாகிறது. ஹெட்லைட் மங்குகிறது. பிறகு சத்தமே இல்லை. பாட்டரி தீர்ந்துவிட்டது. இனி வண்டி ஸ்டார்ட்டும் ஆகாது. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தோளில் சுமந்து போக வேண்டியதுதான்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மழைக்காலத்தில் மலைத்தோட்டங்களில் வண்டி ஓட்டிய எவரும் இதை நடக்காத கதை என்று சொல்லமாட்டார்கள். வின்ச் இருந்தது, சரியான வின்ச் இல்லை. அதுதான் வித்தியாசம்.

குடகிலும் சிக்மகளூரிலும் சக்லேஷ்பூரிலும் தமிழர்கள் பலர் தோட்டங்களில் உழைக்கிறார்கள், ஜீப் ஓட்டுகிறார்கள், ஒர்க்‌ஷாப் நடத்துகிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சனி, ஞாயிறுகளில் நான்கு சக்கர இழுவை வண்டிகளில் அதே மலைகளுக்கு ஏறுகிறார்கள். இரு தரப்பாருக்கும் இன்று வின்ச் ஆசை வந்திருக்கிறது. பெங்களூர் ஜே.சி. ரோட்டுக் கடைகளில் போய் நிற்பதற்கு முன் சில கணக்குகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

எத்தனை வகை?

வின்ச் என்பது வேறொன்றுமில்லை. கப்பலில் நங்கூரச் சங்கிலியைச் சுருட்டும் உருளையின் தம்பி அது. ஓர் உருளை, அதில் சுற்றிய வடம், உருளையை மெதுவாக, ஆனால் பலமாகச் சுழற்றும் பற்சக்கரங்கள். அவ்வளவுதான்.

அந்த உருளையைச் சுழற்றுவது எது என்பதில்தான் வகைகள் பிறக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் கால ஜீப்புகளிலும் லாரிகளிலும் எஞ்சினின் சக்தியையே தண்டு வழியாக வாங்கிச் சுழலும் வின்ச்கள் இருந்தன. எஞ்சின் ஓடும்வரை அவை இழுக்கும். இன்றைய வண்டிகளில் அப்படித் தண்டு இணைக்க வழி இருப்பது அபூர்வம். இரண்டாவது வகை, ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் அழுத்தம் தரும் பம்பைக் கொண்டு இயங்கும் ஹைட்ராலிக் வின்ச். நெடுநேரம் இழுத்தாலும் சூடாகாது. ஆனால் எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். மூன்றாவது, பாட்டரியில் ஓடும் மின்சார வின்ச். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். நான்காவது, கையால் நெம்பி இழுக்கும் கைவின்ச்.

எடைக் கணக்கு

எத்தனை டன் இழுக்கும் வின்ச் வாங்குவது? ஆட்களும் சாமானும் ஏற்றிய பிறகு வண்டியின் மொத்த எடை எவ்வளவோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு என்பது உலகெங்கும் வழங்கிவரும் கணக்கு.

மாருதியின் ஜிம்னி 2023ல் விற்பனைக்கு வந்தது. அதன் மொத்த எடை 1,545 கிலோ. ஒன்றரை மடங்கு என்றால் சுமார் 2,320 கிலோ. வின்ச்களின் சக்தி பவுண்டுக் கணக்கில் அச்சிடப்படுகிறது. ஒரு பவுண்டு 0.4536 கிலோ. ஆகவே 6,000 பவுண்டு வின்ச், அதாவது சுமார் 2,720 கிலோ இழுப்பது, இந்தச் சிறு வண்டிக்குப் போதும். மொத்த எடை 2,300 கிலோ உள்ள பெரிய ஜீப் என்றால் 3,450 கிலோ வேண்டும். அதற்கு 8,000 அல்லது 9,500 பவுண்டு வின்ச் பொருந்தும்.

"எதற்கும் இருக்கட்டும், 12,000 பவுண்டே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். அங்கேதான் பிசகு. வின்ச் பெரிதானால் அதன் எடையும் கூடும். இரும்பு வடத்தோடு 9,500 பவுண்டு வின்ச்சே 35, 40 கிலோவைத் தொட்டுவிடும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் எடை வேறு. இத்தனையும் முன் அச்சுக்கும் முன்னால் தொங்கும். சிறிய வண்டியின் முன் ஸ்பிரிங் தாழ்ந்துபோகும். எந்தச் சேற்றிலிருந்து தப்ப வின்ச் வாங்கினோமோ அந்தச் சேற்றில் மூக்கு முதலில் புதையும்.

சேறு கேட்கும் விலை

ஒன்றரை மடங்கு எப்போதும் போதுமா? போதாது. இதற்கு அமெரிக்க இராணுவத்தின் வாகன மீட்புக் கையேடுகளில் ஒரு எளிய கணக்கு உண்டு. சக்கரம் புதையும் ஆழத்துக்குச் சேறு இருந்தால், வண்டியின் எடை அளவுக்கே இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே ஏறினால் மூன்று மடங்கு. மேட்டில் இழுப்பதானால் அதற்கும் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். முப்பது டிகிரி சரிவு என்றால் எடையில் பாதி கூடுதல்.

ஆக, மட்கார்டு வரை புதைந்த 2,300 கிலோ ஜீப்புக்கு 4,600 கிலோ இழுவிசை தேவை. 9,500 பவுண்டு வின்ச் தருவதோ சுமார் 4,300 கிலோதான். என்ன செய்வது? பெரிய வின்ச் தேடி ஓட வேண்டியதில்லை. மண்வெட்டியை எடுக்க வேண்டும். சக்கரத்தின் முன்னால் உள்ள சேற்றை வெட்டி ஒதுக்கினால் மூன்று மடங்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். மண்வெட்டிக்கு வின்ச்சைவிட விலை குறைவு, பாட்டரியும் வேண்டாம்.

உருளையின் இரகசியம்

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 9,500 பவுண்டு என்பது வடம் கிட்டத்தட்ட முழுவதும் வெளியே இழுக்கப்பட்டு, உருளையில் கடைசி அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் பலம். அடுக்கு ஏற ஏற உருளை பருமனாகிறது. மோட்டாரின் முறுக்கு அதேதான். ஆகவே இழுவிசை ஒவ்வொரு அடுக்குக்கும் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை குறைகிறது. நான்காவது அடுக்கில் இழுத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் காணாமல் போயிருக்கும்.

இதனால்தான் அனுபவசாலிகள் பக்கத்து மரத்தை விட்டுத் தூரத்து மரத்தைத் தேடுகிறார்கள். பக்கத்து மரம்தான் இருக்கிறது என்றால் கப்பி உதவும். மரத்தில் கப்பியைக் கட்டி, வடத்தை அதன் வழியே திருப்பிக்கொண்டுவந்து வண்டியின் சேஸிஸ் கொக்கியிலேயே மாட்டினால் இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேகம் பாதியாகும், மோட்டாருக்குச் சிரமமும் பாதியாகும். ஆனால் அந்த இரட்டிப்புச் சுமை முழுவதையும் மரமும் அதைச் சுற்றிய பட்டையும் தாங்க வேண்டும். வின்ச்சோடு நல்ல கப்பி ஒன்றும் வாங்காதவர் பாதி வின்ச்தான் வாங்கியிருக்கிறார்.

மின்சாரத்தின் பசி

முழுச் சுமையில் ஒரு மின்சார வின்ச் 300, 400 ஆம்பியர் வரை கேட்கும். 300 ஆம்பியர் வீதம் ஐந்து நிமிஷம் ஓடினால் 25 ஆம்பியர்-மணி. ஜீப்பில் இருப்பது 60 ஆம்பியர்-மணி பாட்டரி என்றால் கணக்குப்படி பாதிக்குக் கொஞ்சம் குறைவுதான் தீர வேண்டும். ஆனால் இவ்வளவு வேகமாக உறிஞ்சும்போது பாட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தருவதில்லை. பழைய பாட்டரி என்றால் கேட்கவே வேண்டாம். எஞ்சின் ஓடினாலும் ஆல்டர்னேட்டர் தருவது பல வண்டிகளில் நூறு ஆம்பியருக்குள்தான். நாம் முதலில் பார்த்த டிரைவரின் வின்ச் அதனால்தான் மௌனமானது.

முழுச் சுமையில் வடம் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் சுருளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே எஞ்சினைச் சற்று ரேஸ் கொடுத்து ஓடவிட்டு, ஒரு நிமிஷம் இழுத்துச் சில நிமிஷம் ஓய்வு கொடுக்க வேண்டும். நிலைக்காந்த மோட்டார் விலை குறைவு, மின்சாரமும் குறைவாகக் கேட்கும். ஆனால் சீக்கிரம் சூடேறும். காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் உள்ள 'சீரிஸ்' மோட்டார் கடினமான இழுப்புக்கு ஏற்றது. மழை மலைக்கு வாங்குபவர் மோட்டாருக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் தண்ணீர் புகாத அடைப்பு உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். மாதம் ஒருமுறை வெறுமனே ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது.

இரும்பு வடமா, நைலான் போன்ற கயிறா?

இரும்பு வயர் ரோப் பாறையில் உராய்ந்தாலும் தாங்கும், வெயிலுக்கு அஞ்சாது. ஆனால் கனமானது, பிசிறு கையைக் கிழிக்கும், அறுந்தால் சாட்டையாகத் திரும்பி ஆளை வெட்டும். புதிய செயற்கை நார்க் கயிறு அதே பலத்துக்கு ஏழில் ஒரு பங்கு எடையே உள்ளது, தண்ணீரில் மிதக்கும், அறுந்தாலும் அவ்வளவு மூர்க்கமாகப் பாயாது. அதற்கும் எதிரிகள் உண்டு: வெயில், மணல், கூரான பாறை, சூடு. சுமார் 150 டிகிரியில் அது உருகிவிடும். பிரேக் உருளைக்குள்ளேயே இருக்கும் வின்ச்சில், பாரத்தோடு மோட்டாரால் கயிற்றை நெடுநேரம் இறக்கினால் அந்தச் சூடு கயிற்றைக் கெடுக்கும். இரும்பு வடத்துக்கு உருளைகள் கொண்ட வாய். நார்க் கயிற்றுக்கு வழவழப்பான அலுமினிய வாய். இரும்பு உராய்ந்து பிசிறடித்த பழைய வாயில் நார்க் கயிற்றைப் போடக் கூடாது.

கைவின்ச்சை மறக்க வேண்டாம்

தோட்டங்களில் 'டிர்ஃபர்' என்றே பெயர் பெற்றுவிட்ட கைவின்ச்சில் 1,600 கிலோ, 3,200 கிலோ இழுக்கும் வகைகள் உண்டு. நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட வடம் அங்குலம் அங்குலமாக நகரும். சுமை மிஞ்சினால் உள்ளே ஒரு சிறு ஆணி ஒடிந்து ஆபத்தைத் தடுத்துவிடும். வியர்வை சிந்த வேண்டும், நேரமும் ஆகும். ஆனால் மின்சார வின்ச் முன்பக்கம் மட்டுமே இழுக்கும். பள்ளத்தில் மூக்கைக் குத்திய வண்டிக்கு வேண்டியது பின்னோக்கிய இழுப்பு. அதை கைவின்ச்தான் தரும். விழுந்த மரத்தையும் நகர்த்தும். பல வண்டிகள் உள்ள தோட்டத்துக்கு ஒரே ஒரு கைவின்ச் போதும். எந்த வண்டியிலும் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பக்கம் பெரிய இரும்புச் சட்டம் வைத்து அதில் வின்ச்சைப் பொருத்த நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். பாதசாரிகளுக்கு ஆபத்து என்பதால் இத்தகைய முன்தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. கம்பெனி வடிவமைத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தவிர, காற்றுப்பை உள்ள வண்டிகளில் முன்பகுதியை மாற்றினால் மோதலின்போது பை விரியும் நேரமே தவறக்கூடும். ஆகவே பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்திலும் கேட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். எப்படிப் பொருத்தினாலும் வின்ச்சின் பிடி சேஸிஸில் இருக்க வேண்டும்; பம்பர் தகட்டில் அல்ல.

உயிர் பெரிதா, வண்டி பெரிதா?

இழுபட்ட வடத்தைத் தாண்டக் கூடாது. வடத்தின் நீளத்துக்கும் அப்பால் எல்லோரும் விலகி நிற்க வேண்டும். நடு வடத்தின் மேல் நனைந்த சாக்கையோ கனத்த கம்பளியையோ போட்டால், அறுந்தாலும் வடம் பறக்காமல் விழும். தோல் கையுறை வேண்டும். உருளையில் இரும்பு வடம் ஐந்து சுற்றாவது, நார்க் கயிறு பத்துச் சுற்றாவது மிஞ்சியிருக்க வேண்டும். வடத்தை மரத்தில் சுற்றி அதிலேயே கொக்கியை மாட்டக் கூடாது. அகலமான பட்டையும் ஷாக்கிளும் வேண்டும். காப்பித் தோட்டத்தில் முள்முருங்கையை நம்ப வேண்டாம். அது மெல்லிய மரம். சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி படர்ந்திருந்தால் வேறு மரம் பார்ப்பது நல்லது. வண்டி மீண்டு கொடி போனால் தோட்டக்காரருக்கு அது மீட்பல்ல.

ஆக, வாங்கும் வரிசை இதுதான்: முதலில் மண்வெட்டி, பிறகு பட்டையும் ஷாக்கிளும் கப்பியும், பிறகு நல்ல பாட்டரி, கடைசியில் வண்டியின் எடைக்கேற்ற வின்ச். வாங்கிய பின் வெயில் நாளில் ஒருமுறை பழகிப் பார்க்க வேண்டும். மழை இரவில், பின்சீட்டில் ஒரு பெண் வலியில் துடிக்கும்போது, கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.